தூசி ஊதிய வீரபாகு

தென்காசியில் சாரல் விழாத நாள் உண்டு. வீரபாகு அந்தக் கதையைச் சொல்லாத நாள் கிடையாது.

கல்யாணமான புதுசு. ஆனி மாதம். புருஷனும் பெண்டாட்டியுமாகச் செண்பகாதேவி அருவிக்கு மலையேறிப் போயிருக்கிறார்கள். பாறையில் லோகநாயகிக்குக் கால் வழுக்கிவிட்டது. கீழே ஆளை முழுங்குகிற தடாகம். வீரபாகு எட்டிக் கையைப் பிடித்தார். இழுத்தார். பெண்டாட்டி பிழைத்தாள். கதை அவ்வளவுதான். ஆனால் வீரபாகு வாயில் விழுந்த கதை அவ்வளவோடு நிற்குமா? முதலில் கையைப் பிடித்தார். சர்வீஸ் ஏற ஏற, சுண்டு விரலைப் பிடித்தார். ரிட்டயர் ஆன பிறகு ஒற்றைத் தலைமுடியைப் பிடித்தே தூக்கிவிட்டார். போன சீசனில் சொன்னபோது அக்கரையில் ஒரு யானையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அது சோறு போடுகிற கதை. சாம்பாரில் உப்புக் குறைந்தால், “உசுரக் காப்பாத்துனவனுக்கு உப்புக்கூட கெடையாதா?” என்பார். டிவி ரிமோட் யார் கையில்? உசுரைக் காப்பாற்றியவர் கையில். பெரிய கட்டில் யாருக்கு? கேட்கவே வேண்டாம். அந்த வீட்டில் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் செண்பகாதேவியில் போய்த்தான் முடியும்.

அப்பேர்ப்பட்ட வீட்டில், ஒரு நாள் காலையில் லோகநாயகி காபியை வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அத்தான், நம்ம காரை நான் ஓட்டட்டுமா?”

வீரபாகுவுக்குப் புரை ஏறிவிட்டது.

“எத?”

“காரை.”

“எந்தக் காரை?”

“நம்ம வீட்டுல எத்தன காரு நிக்கி? போர்வையப் போத்திக்கிட்டுப் படுத்துக் கெடக்கே, அதத்தான்.”

உண்மைதான். வீரபாகு காரைக் கழுவுகிற நேரம் அதிகம், ஓட்டுகிற நேரம் குறைச்சல். அவர் ஓட்டுகிற வேகத்துக்கு, சீசன் தொடங்கும்போது வீட்டைவிட்டுக் கிளம்பினால் பழைய குற்றாலம் போய்ச் சேரும்போது அருவி வற்றியிருக்கும். ஆனாலும் சாவி அவர் சட்டைப் பையைவிட்டு இறங்கியது கிடையாது.

“ஏட்டி, கோட்டி கீட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? செண்பகாதேவில சும்மா நின்ன எடத்துல வழுக்குன காலுட்டி அது! அந்தக் காலக் கொண்டுபோயி பிரேக்குல வைக்கப் போறியா? வழுக்கி ஆக்ஸிலேட்டர்ல விழுந்துச்சுன்னு வையி, காரு நேரா பேரருவிக்குள்ளல்லா போயி நிக்கும்! அங்கனயும் ஒன்னத் தூக்க நான்தான் வரணும். ஒரு மனுசன் ஒரு பொண்டாட்டிய எத்தன தடவட்டி காப்பாத்துவான்?”

லோகநாயகி கோபப்படவில்லை. அவளிடம் பயப்பட வேண்டியதே அதற்குத்தான். கோபப்படுகிற பெண்டாட்டியைச் சமாளித்துவிடலாம். சிரித்துக்கொண்டே டம்ளரை எடுக்கிறவளை என்ன செய்ய?

“அத்தான், நான்தான் வழுக்குனேன்னு ஒங்களுக்கு நல்லா ஓர்ம இருக்கா?”

“ஓர்மையா? படமே இருக்குட்டி! ஜெபஸ்டின் எடுத்தாம்லா!”

“அப்பம் படத்தக் காட்டுங்க. நீங்க என்னப் புடிச்சிருந்தா, இந்தச் சென்மத்துல காரைத் தொடமாட்டேன். நான் ஒங்களப் புடிச்சிருந்தா, சாவி எங்கிட்ட வந்துரணும். ஆனியில எங்க அண்ணன் வருவாம்லா, அவன் முன்னால வச்சுப் பாத்துருவோம்.”

“பாப்போம்! பாத்துருவோம்!” வீரபாகு தொடையைத் தட்டினார்.

“இன்னொண்ணு. படத்தக் காணும், எலி கொண்டு போயிட்டுன்னு கத விட்டீங்கன்னா, நீங்க தோத்ததா அர்த்தம்.”

“நானா? தோக்கதா? எடுத்துட்டு வாட்டி ஏணிய!”

ஜெபஸ்டின் யார் என்று சொல்லிவிடுகிறேன். வீரபாகு வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்தபோது கூட வேலை பார்த்தவர். வடகரை, அச்சன்புதூர் என்று ஊர் ஊராகப் போய், நெல்லைத் தின்கிற பூச்சிகளைப் பெரிதாகத் திரையில் போட்டு விவசாயிகளுக்குக் காட்டுவது அவர்கள் வேலை. அதற்குத்தான் ஸ்லைடு. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய வண்ண ஃபிலிம், சுற்றி ஒரு அட்டைச் சட்டம். ஒரு தடவை ரோலில் பூச்சி போக மிச்சம் இருக்கவும், “புது மாப்பிள்ளையப் படம் புடிக்கேன்” என்று ஜெபஸ்டின் மலைக்குக் கூடவே வந்துவிட்டார். அந்தப் படம் ஆபீஸ் டப்பாக்களில் பூச்சிகளோடு பூச்சியாகக் கலந்து போயிற்று. வீரபாகு அதைத் தேடிப் பார்க்கவே இல்லை. நடந்ததுதான் தெரியுமே, படம் எதற்கு? ரிட்டயர் ஆனபோது, “இந்தக் குப்பையையும் எடுத்துட்டுப் போங்க சார்” என்று ஆபீஸில் மொத்தத்தையும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஜெபஸ்டின் கனடாவில் மகன் வீட்டில் இருக்கிறார். சாட்சி சொல்ல ஆள் இல்லை. படம்தான் சாட்சி.

பரணிலிருந்து டப்பாக்கள் இறங்கின. கூடவே பரணில் பாதியும் இறங்கியது. அவ்வளவு தூசி! ஒரு ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் வீரபாகு. உள்ளே இருப்பது புழுவா பெண்டாட்டியா என்று தெரியவில்லை.

ஆன்லைனில் ஸ்கேனர் வந்து இறங்கியது. துண்டால் ஒரு துடைப்பு துடைத்து, முதல் ஸ்லைடை உள்ளே தள்ளி, படத்தை டிவியில் போட்டார். லோகநாயகி முந்தானையில் கை துடைத்தபடி வந்து நின்றாள்.

“இது என்னது அத்தான்?”

“புகையான். நெல்லுப் பூச்சி.”

“கருப்பா நெளிநெளியா ஓடுதே, அதா?”

“அது… துண்டு நூலு.”

“இந்தா பெருசா, மீசையோட?”

“அது தூசிட்டி.”

“அப்பம் பூச்சி எங்க?”

வீரபாகு எழுந்து டிவி பக்கத்தில் போய்த் தேடினார். தூசிக்குப் பின்னால் ஒரு மூலையில், பயந்துபோய் உட்கார்ந்திருந்தது புகையான்.

அவ்வளவுதான்! வீரபாகுவுக்கு ரோஷம் பிறந்துவிட்டது. சர்வீஸ் முழுக்கப் பூச்சியோடு சண்டை போட்டவர், கேவலம் தூசியிடம் தோற்பதா? யூடியூபில் உட்கார்ந்து இரவும் பகலும் படித்தார். துண்டால் துடைக்கக்கூடாது, கீறல் விழும். வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். ரப்பர் பல்பால் காற்றடிக்க வேண்டும். அப்புறம் மயிலிறகு போல ஒரு பிரஷ். விரல் ஓரத்தைத் தவிர வேறெங்கும் படக்கூடாது. படித்து முடித்ததும் கூடத்தில் நின்று சட்டம் போட்டார்.

“இன்னையிலேருந்து வீட்டுல ஃபேன் கெடையாது. தாளிப்புக் கெடையாது. எண்ணெப் புக பறந்து வந்து ஃபிலிம்ல ஒட்டும். வாரியலத் தொடப்பிடாது. கூட்டுனா தூசி கெளம்பும்!”

“வீட்டக் கூட்டப்பிடாதா?”

“பிடாது!”

“தாளிக்கப்பிடாதா?”

“பிடாது!”

“இத முப்பது வருசத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கப்பிடாதா அத்தான்!” லோகநாயகி வாரியலை மூலையில் சாத்திவிட்டு, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டாள்.

ரப்பர் பல்புக்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் கடையில் பால்காரர் ஹாரன் தொங்கியது. அதன் பின்னால் இருக்கிற பல்பு சரியான அளவு. வாங்கி வந்தார். வந்த வேகத்தில் ஹாரனைக் கழற்ற மறந்து, ஸ்லைடுக்கு நேரே வைத்து ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார். “ப்பாம்!” எதிர்வீட்டு அம்மாள் தூக்குச் சட்டியோடு வாசலுக்கு வந்து, “அரை லிட்டர் ஊத்துங்க” என்றாள்.

வைகாசி வெயில். ஃபேன் கிடையாது. ஜன்னல் சாத்தியிருக்கிறது. சட்டை போட்டால் நூல் பறக்கும் என்று வெற்று உடம்பு. காற்றடிப்பார், பிரஷ்ஷால் ஒரு இழுப்பு, திருப்பி ஒரு இழுப்பு, வெளிச்சத்தில் பார்ப்பார். தண்டுத் துளைப்பான். வைப்பார். அடுத்தது. இலைச்சுருட்டுப் புழு. அடுத்தது. காண்டாமிருக வண்டு. தூசி போகப் போக ஒவ்வொரு புழுவும் மணப்பெண் மாதிரி ஜொலித்தது. உலகத்தை மறந்துவிட்டார் மனுஷன். சோறு எப்போது வந்தது, பெண்டாட்டி எப்போது போனாள், எப்போது வந்தாள், ஒன்றும் தெரியாது. ஆனி பிறந்தது. மேற்கே மலை மூடியது. சாரல் வந்தது. வீரபாகு அறையைவிட்டு வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம், ஒரு ஸ்லைடில் காற்றடித்தார். பச்சையாக ஏதோ தெரிந்தது. பயிர் என்று நினைத்தார். இன்னொரு அடி. பயிர் இல்லை, காடு! பாறை! வெள்ளை வெளேரென்று தண்ணீர்! 

“ஏ லோகா! கெடச்சுட்டுட்டி! கெடச்சுட்டு!”

அவள் வீட்டில் இல்லை. நல்லவேளை.

பிரஷ்ஷால் இழுத்தார். ஒரு பெண் தெரிந்தாள். லோகநாயகிதான்! ஒரு கையால் மரத்து வேரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பாறைமேல் கல்தூண் மாதிரி நிற்கிறாள். இன்னொரு இழுப்பு. ஒரு ஆண் தெரிந்தான். ஒரு கால் பாறையில், ஒரு கால் ஆகாயத்தில். வாய் ‘அம்மா’ என்று பிளந்திருக்கிறது. அருவிக் குளியலுக்காக உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்த உடம்பு. எங்கே பிடித்தாலும் வழுக்கும். அதனால்தான் லோகநாயகி வேறெங்கும் பிடிக்கவில்லை. அவனுடைய அருணாக்கயிற்றைப் பிடித்திருக்கிறாள்.

வீரபாகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

ஆமாம். அப்படித்தான் நடந்தது. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். இப்போது இடுப்பில் அந்தக் கயிறு அறுத்த வலிகூட ஞாபகம் வந்தது. ‘விடமாட்டேன் அத்தான், விடமாட்டேன்’ என்று அவள் அழுதது ஞாபகம் வந்தது. கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. என்ன மாதிரிப் பெண்! இந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கூடத்தில் மாட்டி, மாலை போட்டாலும் தகும் என்று நினைத்தார்.

அப்புறம் ஆணியில் தொங்கிய சட்டையும், அதன் பையில் இருந்த சாவியும் ஞாபகம் வந்தன. கண் காய்ந்துவிட்டது.

படத்தைத் தொலைக்க முடியாது, தொலைத்தால் தோல்வி. காட்டவும் முடியாது. காட்டினால் சாவி போகும், ரிமோட் போகும், கட்டில் போகும், சாம்பார் உப்புக்கூட அவள் வைத்ததுதான் சட்டம். என்ன செய்யலாம்? வீரபாகு எழுந்தார். சாமி அலமாரிக்குப் போனார். திருநீற்றைக் கிள்ளினார், விளக்கெண்ணெயைத் தொட்டார், குழைத்தார். ‘விசுவநாதா, மன்னிச்சிரு’ என்று சொல்லி ஸ்லைடின்மேல் ஒரே இழுகு! ஒன்றரை மாதமாகத் தூசி துடைத்த கை, ஒரு நிமிஷத்தில் ஒன்றரை மாதத் தூசியை அப்பிவிட்டது. குறை வைக்கக்கூடாது என்று பரணில் ஏறி, மூலை ஒட்டடையையும் கொஞ்சம் கொண்டுவந்து ஒட்டினார்.

லோகநாயகியின் அண்ணன் ஜெகதீஸ்வரன் கோவில்பட்டியிலிருந்து சீசனுக்கு வந்து சேர்ந்தார். போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெரிய மீசை. வந்ததும் வராததுமாக, “மாப்ளே, ஏதோ கேசு இருக்காம்லா?” என்று சோபாவில் சாய்ந்தார்.

டிவியில் ஒவ்வொரு படமாக வந்தது. ஆஹா, என்ன தெளிவு! தண்டுத் துளைப்பானின் கால் ரோமத்தை எண்ணிவிடலாம். “பூச்சியா மாப்ளே இது! பூச்சிக்குப் பொண்ணு பாக்கப் படம் எடுத்த மாதிரில்லா இருக்கு!” என்றார் ஜெகதீஸ்வரன். வீரபாகு பூரித்தார். அடுத்த பொத்தானை அழுத்தினார்.

டிவி முழுக்கச் சாம்பல். நடுவே சேறு. மூலையில் ஒட்டடை.

“இதுதான் அந்தப் படம்,” என்றார் வீரபாகு, குரலில் துக்கம் வரவழைத்துக்கொண்டு. “பூசணம் புடிச்சிட்டு மச்சான். நம்ம ஊர் சாரக்காத்துக்கு ஃபிலிம் தாங்காது. எவ்வளவோ தொடச்சேன். போவ மாட்டேங்கு.”

லோகநாயகி பொத்தானை அழுத்தி அடுத்த படத்தையும் பார்த்துவிட்டு, திரும்பச் சாம்பலுக்கே வந்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“முன்னால உள்ள புழுவுக்குப் பூசணம் இல்ல. பின்னால உள்ள வண்டுக்குப் பூசணம் இல்ல. நடுவுல எங்க ரெண்டு பேருக்கு மட்டும் புடிச்சிருக்கு.”

“ஒன் ராசி அப்பிடி!”

“இதுல ஒண்ணும் தெரியலையே மாப்ளே,” என்றார் ஜெகதீஸ்வரன். “யாரு ஆம்பள, யாரு பொம்பளன்னே தெரியல.”

“எனக்கே ஒண்ணும் தெரியல மச்சான்! ஊதி ஊதிப் பாத்துட்டேன், உள்ள என்ன இருக்குன்னு அந்தச் செண்பகாதேவி அம்மனுக்குத்தான் வெளிச்சம். அதனால என்ன? படம் இருக்கா, இருக்கு. தொலைக்கல. இத்தன வருசமா நான் சொன்ன சொல்லு நிக்கா, நிக்கி. பந்தயம் எனக்கு!”

ஜெகதீஸ்வரன் மீசையை நீவிப் பார்த்தார். “சாட்சி இல்லாட்டா கேசு தள்ளுபடிதான் தங்கச்சி.”

“சரிண்ணே,” என்றாள் லோகநாயகி, பட்டென்று. “அத்தான் சொன்னதே இருக்கட்டும். நான் தோத்துட்டேன்.”

வீரபாகுவால் நம்ப முடியவில்லை. தோற்றுவிட்டாளா? லோகநாயகியா? எழுந்து கூடத்தில் ஒரு சுற்று நடந்தார். நெஞ்சு நிமிர்ந்தது. கால் தரையில் படவில்லை.

“உள்ளதச் சொன்னா, படம் தெரியாமப் போனதே நல்லதுண்ணே,” என்று அண்ணனிடம் மெதுவாகச் சொன்னாள் லோகநாயகி. “தெரிஞ்சிருந்தா அத்தானுக்குத்தான் மானக்கேடு.”

“ஏன் தங்கச்சி?”

“கல்யாணமான புதுசுலயே அவுகளுக்கு என்னா தொப்பங்க! கொடம் மாதிரி தள்ளிக்கிட்டு நிக்கும். மலையேறவே ரெண்டு பேரு தள்ளணும். அதப் படத்துல பாத்தா நீயே சிரிச்சிருப்ப.”

நடந்துகொண்டிருந்த வீரபாகு நின்றார்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல அத்தான், நீங்க நடங்க.”

“தொப்பையா? எனக்கா?”

“அதான் பூசணம் மறைச்சுட்டுல்லா, விடுங்க.”

“விடவா? மச்சான், நம்பாதீங்க! பச்சப் பொய்யி! அந்த வயசுல என் வயிறு தோசக்கல்லு மாதிரி தட்டையா இருக்கும். இந்தப் படத்துலயே பாக்கலாம், விலா எலும்ப எண்ணிரலாம்! அருணாக்கயிறு அவ்வளவு லூசாத் தொங்குது. தொப்ப இருந்தா தொங்குமா? அதுக்குள்ள இவ கைய முழுசா விட்டு, ரெண்டு சுத்துச் சுத்திப் புடிச்சு, என்ன மேல…”

வீரபாகுவின் வாய் நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.



ஜெகதீஸ்வரன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய இன்ஸ்பெக்டர் குரல் தானாக வந்தது.

“யாரு, யாரோட அருணாக்கயிற மாப்ளே?”

“அது… வந்து மச்சான்…”

“உள்ள என்ன இருக்குன்னே தெரியாதுன்னீரு. இப்பம் விலா எலும்பு தெரியுது, கயிறு தெரியுது, கயித்துல எத்தன சுத்துன்னு தெரியுது!”

வீரபாகு டிவியைப் பார்த்தார். டிவியில் சாம்பல்தான் இருந்தது. அவருடைய திருநீறு. ஒரு உதவிக்கும் வரவில்லை.

ஜெகதீஸ்வரன் வெடித்துச் சிரித்தார். சோபா குலுங்கச் சிரித்தார். “தங்கச்சி, எடு அந்த ஸ்லைட! தொடச்சுப் போடு. இந்தக் கண்கொள்ளாக் காட்சியப் பாக்காமப் போனா சீசனுக்கு வந்ததே தெண்டம்!”

“வேண்டாம்ணே,” என்றாள் லோகநாயகி. “அத்தானே அவுக வாயால ஊதிட்டாகள்லா. இதுக்குமேல என்ன தொடைக்க?”

கையை நீட்டினாள். வீரபாகு சட்டைப் பையைத் தடவினார். சாவி அவர் விரலைவிட்டு இறங்க மனசில்லாமல் இறங்கியது. கடைசி முயற்சியாக ஒன்று சொன்னார்:

“சாவிய வச்சு என்னட்டி செய்வ? ஓட்டத் தெரியணும்லா. இனிமே போயி, எட்டுப் போட்டு, லைசன்ஸ் எடுத்து… அடுத்த சீசன் வந்துரும்.”

“லைசன்ஸ் போன வாரமே வந்தாச்சு.”

“எப்பம்ட்டி படிச்ச?”

“நீங்க கதவச் சாத்திக்கிட்டு ஒன்றர மாசமா ஊதுனீங்கல்லா, அப்பம். வீட்டக் கூட்டப்பிடாது, தாளிக்கப்பிடாதுன்னுட்டீங்க. சும்மா ஒக்காந்து என்ன செய்ய? டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிட்டேன்.”

மறுநாள் காலை, கார் போர்வையை உதறிக்கொண்டு வெளியே வந்தது. பின்சீட்டில் ஜெகதீஸ்வரன், கையில் துண்டும் எண்ணெய்ப் புட்டியும். முன்சீட்டில் வீரபாகு. மேலகரம் தாண்டியதும் மலை முழுக்க மேகம். சாரல் கண்ணாடியில் பூப்பூவாக விழுந்தது. ஒரு டூரிஸ்ட் வேன் வழி விடாமல் முன்னால் ஆடிக்கொண்டே போனது. லோகநாயகி ஹாரன் அடித்தாள், ஒரு வெட்டு வெட்டி முந்தினாள், பேருவகையோடு “பாத்தியாண்ணே!” என்றாள். வீரபாகு இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து, கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, பைய! பைய போட்டி!”

லோகநாயகி ரோட்டைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

“பெல்ட்டப் போடுங்க அத்தான். அன்னைக்கு மாதிரி எட்டிப் புடிக்கதுக்கு, எனக்கு இப்பம் ரெண்டு கையும் ஸ்டியரிங்லல்லா இருக்கு.”